தபால் வண்டியில் ஏறிய டாக்டர்

சாண்ட்விக், மொன்டானா
நவம்பர் 21

அன்புள்ள சிக்னிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பெர்கன் மழையில் நனைந்தாலும் நலமாகவே நனைந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், நானும் நலம், ஜூனில் மாற்றிவைத்த இடுப்பு மூட்டு மட்டும் என்னோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. உன் கொள்ளுத்தாத்தா மழையும் மீனும் தாங்காமல் பெர்கனை விட்டுக் கப்பலேறி, மழையே எட்டிப் பார்க்காத இந்தப் புல்வெளியைத் தேடிப் பிடித்துக் குடியேறினார். நூறு வருஷம் கழித்து நீ விமானமேறி அதே மழைக்குத் திரும்பிப் போயிருக்கிறாய். குடும்பத்தில் யாரோ ஒருவர் தப்பான திசையில் போயிருக்கிறார், யார் என்று தெரிந்தால் எழுது. போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு அம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நல்லா இல்லாமல் இருந்த கதையையும் இப்போது இருக்கிற கதையையும் நான் எழுதிவிடுகிறேன். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு சம்பவத்தை முழுசாகச் சொல்லாமல் விட்டால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

ஆகஸ்டில் ஒருநாள் அம்மா தபால் வண்டியை ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள். கோல்ஸ்டாட் கிழவர் வீட்டுத் தபால் பெட்டிதான் அவளுடைய ரூட்டில் கடைசி என்பது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் வீடுவரைக்கும் இருபத்திரண்டு மைல், ஒரு வளைவு கிடையாது, ஒரு மரம் கிடையாது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரு சாலை. அங்கேதான் கண் சொருகியிருக்கிறது. விழித்தபோது என் கூட்டாளி லைல் ஹோஃப்லாந்தின் அறுத்த கோதுமைத் தாளடிக்குள் நின்றுகொண்டிருந்தாளாம். செப்டம்பரில் மறுபடியும். இந்த முறை சாலையோரப் பள்ளத்தில் இறங்கித் தபால் பெட்டி ஒன்றைச் சாய்த்துவிட்டாள், அதுவும் காலையில் அவளே கடிதம் போட்டுவிட்டுப் போன பெட்டி. போஸ்ட் மாஸ்டர் டெல்லா வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "ஆர்லிஸ், இன்னொரு தடவை நடந்துச்சுன்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல. அதுவும் அன்னிக்கு நீ உசிரோட இருந்தா" என்றாள். நம் ஊர்க்காரர்கள் நல்லதைச் சொல்லும்போதும் இப்படித்தான் சொல்வார்கள், நீ மறந்திருக்கமாட்டாய். அவள் போனபிறகு, விட்டுவிடேன் ஆர்லிஸ், இருபத்தாறு வருஷம் போதாதா என்று நான் கேட்டேன். "விட்டுட்டு? நாள் முழுக்க உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரணுமா வாத்தியாரே? அதுக்கு அந்தப் பள்ளமே தேவல" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

உண்மையில் குற்றவாளி என் இடுப்புதான். ஓய்வு பெற்றதிலிருந்து ஒன்பது வருஷமாக நான்தான் பின் இருக்கையில், தபால் மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாக உட்கார்ந்து போய்வந்தேன். நூற்று எழுபத்துநான்கு மைலும் ஏதாவது வரலாற்றுப் புத்தகத்தை உரக்கப் படிப்பேன், அம்மா ஒவ்வொரு பக்கத்தோடும் சண்டை போடுவாள். ராஜாக்கள் யாருமே அவள் பார்வைக்குத் தப்பியதில்லை. அந்தச் சண்டைதான் அவளை விழிக்கவைத்திருந்தது என்பது, நான் படுக்கையில் விழுந்து அவள் தனியாகப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சரளைச் சாலையில் ஆறு மணிநேரம் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வழியில் தூக்கம் வருகிறது என்று மட்டும் உனக்குச் சொன்னேன், நீ உடனே ஒரு கட்டுரை அனுப்பினாய், தூக்கம் வராமலிருக்கப் பத்து வழிகள் என்று. தண்ணீர் குடிக்க வேண்டும், சூயிங்கம் மெல்ல வேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்துப் போக வேண்டும். எழுதியவர் தன் வாழ்நாளில் ஒரு லிஃப்டைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர் என்று நினைக்கிறேன். போனில் பாட்டுப் போட்டுக்கொள்ளச் சொல் என்றும் எழுதியிருந்தாய். அம்மாவின் போன் மடக்கினால் மூடுகிற போன், திறந்தாலும் கோல்ஸ்டாட் வீட்டுப் பக்கம் அதற்கு ஒரு கோடுகூட சிக்னல் வராது. வண்டி ரேடியோவிலும் ரூட்டில் முக்கால்வாசித் தூரம் வெறும் இரைச்சல்தான். வானத்திலிருந்து நேராக இறங்கினால்தான் உண்டு. ஆகவே சாட்டிலைட் ரேடியோ.

மைல்ஸ் சிட்டிக்கு லைல்தான் என்னைக் கூட்டிப்போனான். கடையில் இருந்த பையனுக்கு என்னைப் பார்த்ததும் இரக்கம் பொங்கிவிட்டது, அந்த இரக்கத்தோடு கடையிலேயே விலை கூடிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஒரு திரை, திரையில் பாடகரின் முகம், முகத்துக்குக் கீழே ஆல்பத்தின் படம். "ஓட்டிக்கிட்டே பாக்கலாம் சார்" என்றான். ஓட்டிக்கொண்டே தூங்குகிற ஆளுக்காகத்தான் நான் வந்திருக்கிறேன், எனக்கு ஓட்டிக்கொண்டே சாலையைப் பார்க்க வைக்கிற பொருள் வேண்டும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்து, இந்தப் பெட்டியின் சத்தத்தை வண்டி ரேடியோவுக்குள் கொண்டுபோக மூன்று வழி என்று விளக்கினான். அதை மட்டும் நன்றாகவே விளக்கினான், நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒயரைச் செருகுகிற துளை வண்டியில் இருந்தால் அதுதான் உத்தமம். நம் வண்டி அந்தத் துளை கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு பிறந்தது. அடுத்தது, கேசட் வடிவத்தில் ஒன்று வரும், அதைக் கேசட் வாய்க்குள் தள்ளினால் போதும், சத்தம் சுத்தமாக வரும். நம் வண்டியின் கேசட் வாயில் நீ பத்தாம் வகுப்பில் படித்த நார்வே மொழிப் பாடம் சிக்கிக்கொண்டு இருபத்தோரு வருஷம் ஆகிறது. அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அந்தப் பாடத்தால் பலன் இல்லை என்று சொல்லமாட்டேன், உன்னைத்தான் நார்வேக்கே கொண்டுபோய்விட்டதே. மிச்சம் மூன்றாவது வழி. பெட்டியே ஒரு குட்டி வானொலி நிலையமாகி, காலியாக இருக்கும் எஃப்எம் எண் ஒன்றில் ஒலிபரப்பும், வண்டி ரேடியோவை அந்த எண்ணில் வைத்தால் கேட்கும். "காலியான நம்பர் கிடைக்கறதுதான் சார் கஷ்டம்" என்றான் பையன். லைல் என்னைப் பார்த்தான், நான் லைலைப் பார்த்தேன். நம் ஊரில் காலியாக இல்லாத எண்ணைத்தான் சல்லடை போட்டுத் தேட வேண்டும். கடைசியில் மூலையில் தூசியோடு கிடந்த பழைய மாடல் ஒன்றை, ஒருவர் வாங்கித் திருப்பிக்கொடுத்ததை, பாதி விலைக்கும் குறைவாக எடுத்துக்கொண்டேன். பழைய பெட்டிகளுக்குக் கொஞ்சம் குரல் அதிகம் சார், பக்கத்து வண்டிக்கும் கேட்கும் என்று எச்சரித்தான். பக்கத்து வண்டியைப் பார்த்தே பல நாள் ஆகிறது தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கையேடு எண்பது பக்கம். அம்மா அன்று தேவாலய விருந்துக்கு லெஃப்ஸா ரொட்டி சுடப் போயிருந்தாள், நான் கொட்டகையில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். உலகத்தில் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் வாத்தியார் மட்டும்தான் என்பது லைலின் கருத்து. ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் பெட்டியைப் பொருத்தவும் என்று போட்டிருந்தது. ஸ்டீரிங்குக்கு இடப்பக்கம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கையேடு சொன்னபடி ஒரு மணிநேரம் காயவிட்டு, தாங்கியை ஒட்டினேன். ஆன்டெனாவின் காந்தத்தைக் கூரை நடுவில் வைத்து, ஒயரைக் கதவு ரப்பருக்குள் நுழைத்து, பார்த்தால் தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததுபோல் முடித்தேன். அம்மா வந்து பார்த்தாள். சுற்றிவந்து பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு. யாரு கேக்கறதுக்கு?" என்றாள். வண்டியின் ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்தாலும், இருபத்தாறு வருஷமாக அவள் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடக்காலை நீட்டி மிதித்து, இடக்கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, வலக்கையால் ஜன்னல் வழியாகப் பெட்டிகளில் கடிதம் போடுகிறவள். ஓட்டுநர் இருக்கையில் தபால் தட்டுதான் உட்கார்ந்திருக்கும். ஒன்பது வருஷம் அதே வண்டியில் அவளுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு போன நான், அச்சடித்த வாக்கியம் ஒன்றைக் கண்டதும் என் கண்ணை நம்பாமல் விட்டுவிட்டேன். "தபாலுக்குப் பாட்டு வேணும்னு கேட்டுச்சா வாத்தியாரே?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டியதைப் பிய்த்து வலப்பக்கம் மாற்ற மூன்று நாள் ஆனது. அந்தப் பசை மட்டும் கையேடு சொன்னதைவிட நன்றாகவே பிடித்திருந்தது.

அப்புறம் சந்தாவை உயிர்ப்பிக்கத் தொலைபேசியில் பேச வேண்டும். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, பெட்டியைப் போட்டுவிட்டுப் பேசச் சொன்னார்கள். முதல் ஆறு மாதம் சலுகை விலை, அதற்குப் பிறகு என்ன விலை என்று கேட்டால் மறுமுனையில் பேசிய பெண்ணுக்கு மட்டும் திடீரென்று என் குரல் கேட்காமல் போய்விடுகிறது. அது முடிந்து, "சுத்தி உயரமான கட்டடம், மரம், பாலம் ஏதாவது சிக்னலை மறைக்குதா சார்?" என்று கேட்டாள். நான் நாலாபக்கமும் பார்த்தேன். கனடா எல்லைவரைக்கும் வேலிக்கம்பத்தைவிட உயரமாக இருந்தது லைல் ஒருவன்தான். அவனை உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் பெட்டி உயிர் பெற்றது. அதற்குக் காரணம் தானே என்று லைல் இன்றுவரை சொல்லித் திரிகிறான்.

நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள், சிக்னி. மனித குலம் இத்தனை வருஷம் உழைத்து, ராக்கெட் விட்டு, சாட்டிலைட்டைத் தூக்கி நிறுத்தி, அதன் வழியாக எதை அனுப்புகிறது என்று உட்கார்ந்து கேட்டால் மறுபடி குகைக்கே போய்விடலாமா என்று தோன்றும். ஒரே பாடகரின் பாட்டை மட்டும் இருபத்துநான்கு மணிநேரமும் போடுகிற சேனல் இருக்கிறது, அவரே கேட்டாலும் ஒரு பகல் தாங்கமாட்டார். அம்மா முதல்நாள் இதமான பழைய பாடல்கள் போட்டுப் பார்த்தாள், பதினோரு மணிக்கே கொட்டாவி. நகைச்சுவை சேனல் போட்டாள், அதில் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் நன்றாக வந்ததாம். லாரிக்காரர்கள் பேசுகிற சேனல் இரண்டு நாள் ஓடியது, நெடுஞ்சாலைப் பொதுக் கழிப்பறைகளைப் பற்றி நமக்கு வேண்டாத அளவுக்குத் தெரிந்துகொண்டோம். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. பாட்டும் பேச்சும் தாலாட்டாகிப் போனால் நானே பெட்டியை வாங்கிக்கொடுத்து அவளைத் தூங்கவைத்தவன் ஆவேன். அந்த வெள்ளிக்கிழமைதான் அவள் விரல் பட்டு டாக்டர் ஃபென்விக் வந்து சேர்ந்தார்.

இந்த ஃபென்விக் எதற்கு டாக்டர் என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். குடும்பப் பிரச்சினைகளைச் சொல்லி ஜனங்கள் போன் செய்கிறார்கள், அவர் தேன் தடவிய குரலில் தீர்த்துவைக்கிறார். நான்கு முறை கல்யாணம் செய்தவர் என்று அவரே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார், நான்கு தடவை பரீட்சையில் தவறியவன் வகுப்பெடுக்க வந்ததுபோல். அன்று ஒரு பெண், என் புருஷன் நாள் முழுக்க கார் ஷெட்டிலேயே இருக்கிறார் டாக்டர் என்று அழுதாளாம். உங்கள் மனத்தில் இருப்பதையெல்லாம் அவருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள், எழுதி, அனுப்பாமல் கிழித்துப்போடுங்கள், பாரம் இறங்கிவிடும் என்றாராம் இவர். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அம்மா வண்டியை விட்டு இறங்கியதே எனக்கு வேறு ஆளாகத் தெரிந்தது. முகம் சிவந்து, கண் இரண்டும் பளபளவென்று. "அனுப்பாம கிழிக்கணுமாம்! எழுதுன கடுதாசிய! இவனெல்லாம் ஒரு டாக்டரு! ஸ்டாம்பு ஒட்டிப் போட்டா அந்த ஆளு படிப்பான்ல, ஷெட்டுல சும்மாதானே கெடக்கான்?" என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் அரைமணி நேரம் பொரிந்தாள். ஒரு மைல்கூடக் கொட்டாவி வரவில்லையாம். மறுநாளிலிருந்து வேறு சேனலே கிடையாது. அறுபத்தோரு பெட்டிக்கும் கடிதம் போட்டுக்கொண்டே அந்த ஆளோடு மல்லுக்கட்டுகிறாள். கோல்ஸ்டாட் கிழவர் என்னைக் கூப்பிட்டு, "ஆர்லிஸ் வண்டியில யாரையோ திட்டிக்கிட்டே போறா, நீ மறுபடி கூட போக ஆரம்பிச்சுட்டியா ஹால்வர்?" என்று விசாரித்தார். ஒன்பது வருஷம் நான் ராஜாக்களைக் கொண்டு செய்த வேலையை ஒரு மடையன் தனியாளாகச் செய்கிறான். என் இடத்தை நிரப்ப எப்படிப்பட்ட ஆள் போதும் என்று தெரிந்துகொண்டதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நீயே கற்பனை செய்துகொள்.

இதுவரை எழுதியதை நீ அம்மாவிடம் சொல்லலாம். இனிமேல் எழுதுவதைச் சொல்லாதே. ஒருநாள் மூன்று மணி சுமாருக்குச் சமையலறை ரேடியோவில் வானிலை அறிக்கை தேடி முள்ளைத் திருகிக்கொண்டிருந்தேன். 88.3-இல் வெறும் இரைச்சல். திடீரென்று அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஃபென்விக் பேசினார். பத்து எண்ணுவதற்குள் பட்டென்று நின்றுபோனார், வெளியே வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கடைக்காரப் பையன் சொன்னது அப்போதுதான் விளங்கியது. பெட்டி ஒலிபரப்ப நாங்கள் வைத்த எண் அந்த 88.3தான், வண்டி நம் வாசல் வழியில் திரும்பியதும் அந்தப் பழைய பெட்டியின் குரல் சமையலறைவரை எட்டுகிறது. அன்றிலிருந்து நான் தினமும் இரண்டரை மணிக்கு ரேடியோவை 88.3-இல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்கிறேன். இரைச்சல் நிற்கிறவரைக்கும் பக்கம் திரும்புவதில்லை. ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வெற்று இரைச்சலை முப்பது நாற்பது நிமிஷம் கேட்டுக்கொண்டிருப்பது கௌரவமான காட்சி அல்ல, ஆனாலும் மற்ற சேனல்களோடு ஒப்பிட்டால் நிகழ்ச்சி மோசமில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் காற்றோடு பனி அடிக்க ஆரம்பித்தது. மூன்று பத்துக்கு வர வேண்டியவள் வரவில்லை. மூன்றரை. நான்கு. டெல்லாவைக் கூப்பிட்டேன், அவள் கோல்ஸ்டாட்டைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னாள், இரண்டே முக்காலுக்கே அவருக்குத் தபால் கிடைத்துவிட்டதாம். அப்படியென்றால் அந்த இருபத்திரண்டு மைலில் எங்கேயோ இருக்கிறாள். "லைல் ட்ராக்டர எடுத்துக்கிட்டுக் கெளம்பறான், நீ எடத்த விட்டு அசையாத, ஒன்னையும் சேத்துத் தேட எங்ககிட்ட ஆளில்ல" என்றாள் டெல்லா. நான் அசையவில்லை. அசைய முடிந்த ஆளாக இருந்திருந்தால் பின் இருக்கையில் அல்லவா இருந்திருப்பேன். இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைக்கூடப் போடத் தோன்றவில்லை. ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. உலகத்தில் இத்தனை மடையர்கள் பேசுகிறார்களே, இந்த ஒரு மடையன் மட்டும் பேசமாட்டேன் என்கிறானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, "ஆழமா மூச்சை இழுங்க. இப்ப மெதுவா விடுங்க" என்றது அந்தத் தேன் குரல். விட்டேன் சிக்னி. அவன் சொன்னதற்காக அல்ல.

பின்னாலேயே லைலின் ட்ராக்டர் வந்தது. நடந்தது இதுதான். ஆன்டெனாமேல் பனி கட்டிப் பிடித்து, கோல்ஸ்டாட் வீட்டைத் தாண்டி ஐந்து மைலில் டாக்டர் பாதி வாக்கியத்தில் காணாமல் போயிருக்கிறார். ஹீட்டர் சூடும் வெள்ளைச் சாலையும் சேர்ந்து அம்மாவுக்குக் கண் சொருகியிருக்கிறது. சக்கரம் ஓரத்துச் சரளையில் ஏறிக் கடகடவென்று ஆடியதும் நிறுத்திவிட்டாள். இறங்கிக் கையுறையால் ஆன்டெனாவைத் துடைத்தாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொண்டது, மறுபடி துடைத்தாள். பனி தணிந்து அந்த ஆள் விடாமல் பேச ஆரம்பிக்கும்வரைக்கும் கியரைத் தொடவில்லையாம். "ரெண்டு மணி நேரம் அவன் வாயத் தொறப்பானான்னு காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களக்கூட நான் இப்படித் தேடுனதில்ல வாத்தியாரே" என்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். அப்புறம் இருட்டுச் சமையலறையையும் இரைந்துகொண்டிருந்த ரேடியோவையும் பார்த்தாள். குனிந்து முள் நிற்கும் எண்ணைப் பார்த்தாள். நான் சந்தை நிலவரம் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். நம்மிடம் விற்க மாடுகூடக் கிடையாது. அவள் விளக்கைப் போட்டுவிட்டுக் காப்பி வைத்தாள். மறுநாள் வண்டி வாசலில் வந்து நின்றபிறகும் ஐந்து நிமிஷம் எஞ்சினை அணைக்கவில்லை. ஃபென்விக் சமையலறையில் எனக்குப் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

சலுகைக் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம்தான். லைல் இதில் கரைகண்டவன். வருஷா வருஷம் போன் செய்து, "எனக்கு ஒங்க ரேடியோவே வேணாம், இப்பவே நிறுத்து" என்று கத்துவான், அவர்கள் பதறிக்கொண்டு பாதி விலைக்கு இறங்குவார்கள், இவன் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொள்வான். இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். எனக்கும் என்ன பேச வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டான். ஒத்திகை பார்த்தேன், நன்றாகவே வந்தது. நேற்று அவர்களை அழைத்து, சலுகை முடிந்தபிறகு ஒரு வருஷத்துக்கு முழு விலையும் கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டிவிட்டேன். அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள், உறுதியாகத்தானா சார் என்று. அப்படி ஒரு ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை போலும். லைல் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. என்ன செய்வது, நிறுத்து என்று நான் சொல்லி, அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால்?

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறாள் அம்மா, அங்கேயே கிடைக்கும் என்று எழுதிவிடாதே. கட்டுரைகள் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கையால் நாலு வரி எழுது. எழுதியதைக் கிழிக்காமல் தபாலில் சேர். இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுக்கிறவள் விழித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹால்வர்